வள்ளி கொடுத்த தேன் எந்தக் கடையில் வாங்கியது?

இங்கே மொரீஷியஸில், ஞாயிற்றுக்கிழமை நம் கோவில் ஆலமரத்தில் இருந்த கூட்டை அழித்ததைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். சிலர் கைதட்டும் பொம்மைகூடப் போட்டிருக்கிறீர்கள். "மூஸ் ஜோன் தொல்லை ஒழிந்தது, இனி காவடிக்குப் பயமில்லை" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார்.

முதலில், அது மூஸ் ஜோன் இல்லை அண்ணா. நம் கிரியோலில் மூஸ் ஜோன் என்றால் மஞ்சள் குளவி. அங்கே இருந்தது தேனீ, மூஸ் திமியேல். நான்கு வருஷமாக அதே பொந்தில் இருந்த கூடு. போன வருஷமும், அதற்கு முந்தைய வருஷமும் அந்த மரத்தடியில்தான் காவடி கட்டினோம். அப்போதெல்லாம் கொட்டாதது இந்த வருஷம்தான் கொட்டும் என்று யாருக்கோ கனவு வந்திருக்கிறது. பொந்துக்குள் பெட்ரோல் ஊற்றி, மருந்தடித்து, மேலே சிமெண்டும் பூசியாயிற்று. கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து நாள். அபிஷேகத்துக்குத் தேன் கடையில் வாங்கி வைத்திருக்கிறார்கள், பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், வெளிநாட்டுத் தேன். தினைப்புனத்தில் வள்ளி முருகனுக்குத் தேனும் தினைமாவும் கொடுத்த கதையை வருஷா வருஷம் மைக்கில் சொல்கிறோமே, அவள் எந்த சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினாளாம்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தத் தேனீக்கள் நம்மைத் தொந்தரவு செய்ய வரவில்லை. போக்கிடம் இல்லாமல் வந்தவை.

கோவில் மாடிப்படியில் ஏறி நின்று நான்கு பக்கமும் பாருங்கள். கரும்பு, கரும்பு, அதற்கப்பால் கரும்பு. கரும்பு ஒரு புல். மே, ஜூனில் வெள்ளிக் குஞ்சம் மாதிரி பூக்கும்போது அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு மகரந்தம் சேர்க்க காற்றே போதும், தேனீ தேவையில்லை, அதனால் அந்தப் பூவில் ஒரு சொட்டுத் தேனும் கிடையாது. தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள்தான் இரை தேடும். அந்த வட்டம் ஏறக்குறைய 28 சதுர கிலோமீட்டர். அது முழுக்கக் கரும்பாக இருந்தால், ஊரையே கூப்பிட்டு பந்தியில் பச்சைப் பசேலென்று இலை போட்டுவிட்டுச் சோறு வைக்காமல் போன மாதிரிதான். வரப்போரத்தில் முளைக்கிற நான்கு பூச்செடியையும் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுகிறோம். மிச்சம் இருப்பது நம் வீட்டு லிச்சி, கோவில் மரம், யாரோ வைத்த துளசி. அங்கே வராமல் வேறு எங்கே போகும்?

என் தாத்தா தீவின் கிழக்கே ஃப்ளாக் பக்கம் கரும்பு வெட்டினவர். அந்தக் காலத்து வயல்களின் நடுவே கல் குவியல்கள் நிற்கும், சின்னக் கோபுரம் மாதிரி. நிலத்தைத் திருத்தும்போது நம் ஆட்கள் கையால் பொறுக்கி அடுக்கிய எரிமலைக் கற்கள். கல்லுக்கு நடுவே கரும்பு வராது, அதனால் கொடியும் புதரும் அது பாட்டுக்கு வளரும், இடுக்கில் தேன்கூடு இருக்கும். தாத்தா காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்திப் புகை போட்டு அடையை எடுப்பார். பாதிதான் எடுப்பார், பாதி அதுக்கு என்பார். ஒருமுறை புருவத்தில் கொட்டு வாங்கி, மறுநாள் நடந்த சித்தியின் கல்யாண போட்டோவில் அவருக்கு ஒரு கண்தான் இருக்கும். அதற்காக அவர் பெட்ரோல் தேடிப் போகவில்லை.

இயந்திரத்தால் வெட்ட வேண்டுமென்றால் கல் இருக்கக் கூடாது. 2006-இலிருந்து ஐரோப்பா நம் சர்க்கரைக்குக் கொடுத்த விலையை 36 சதவீதம் குறைத்த பிறகு செலவைக் குறைத்தே ஆக வேண்டிய நிலை, அது புரிகிறது. குவியல்கள் ஒவ்வொன்றாகப் போயின. புதரும் போனது. தாத்தாவின் கூடும் போனது.

உடனே ஒருவர் வருவார், "கரும்புதான் உன் அப்பனுக்குச் சோறு போட்டது" என்று. போட்டதுதான். யார் இல்லையென்றது? அப்பா கை முழுக்கச் சோகை கிழித்த தழும்பு, எனக்குச் சொல்லித் தர வேண்டாம். வயலுக்கு நடுவே ஒரு வரிசை மரம் விடுங்கள், ஓரத்தில் மருந்தடிக்காதீர்கள் என்றால் அது கரும்புக்குத் துரோகமா?

"குழந்தையைக் கொட்டியிருந்தால்?" நியாயமான கேள்வி. வெறுங்காலோடு பால்குடம் தூக்கி வருகிற கூட்டம், எனக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள். ஆனால் என் வீடு கோவிலிலிருந்து இரண்டு தெரு. என்னிடம் தேனீப் பெட்டி இருப்பது கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடையை அறுத்துச் சட்டத்தில் கட்டி, ராணியைப் பெட்டிக்குள் விட்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும். இரண்டு மணி நேர வேலை. ஒரு போன் போடத் தோன்றவில்லை.

"நீ தேன் விற்கிறவன், அதனால் பேசுகிறாய்." ஆமாம் ஐயா, வருஷத்துக்கு இருபது பாட்டில் விற்று மாளிகை கட்டிவிட்டேன். 2014-இல் தேனீயின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிற வர்ரோவா உண்ணி இந்தத் தீவுக்கு வந்தது, அதற்கடுத்த வருஷங்களில் என் எட்டுப் பெட்டியில் ஐந்து போனது. இறக்கை சுருங்கிப்போய், பறக்க முடியாமல் வாசலில் ஊர்ந்து வந்து விழும். உண்ணி மட்டும் காரணமில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. பல பூவின் மகரந்தம் தின்கிற கூட்டம் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும், பட்டினி கிடக்கிற கூட்டம் முதலில் விழும். அதையெல்லாம் தாண்டி, யாரும் மருந்து வைக்காமல், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்காமல், தானாகவே நான்கு வருஷம் பிழைத்த கூடு அது. என் பெட்டிகளைவிட அது கெட்டிக்காரக் கூட்டம். அதைத்தான் கொன்றீர்கள்.

காட்டுப் பாதுகாப்பில் வேலை செய்கிற நண்பன் ஒருவன் வேறு மாதிரி வருகிறான். தேனீ நம் சொந்தக் காட்டுப் பூக்களின் தேனைக் குடித்து, பல்லிக்கும் பறவைக்கும் இல்லாமல் செய்கிறதாம். அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நம் தேசியப் பூவின் குடும்பத்திலேயே நிறமுள்ள தேனும் பல்லி வந்து குடிக்கிற பூவும் உண்டு. ஆனால் அந்த நல்ல காடு இப்போது தீவில் 2 சதவீதம்கூட இல்லை. அதைத் தின்றது தேனீயா? கருங்காலியை வெட்டி ஏற்றியவனும், 1639-இல் கரும்பைக் கொண்டுவந்தவனும் டச்சுக்காரன். அதற்குப் பிறகு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. மடகாஸ்கர் பக்கத்துக் கறுப்புத் தேனீ இந்தத் தீவுகளுக்குச் சொந்தமானது, பின்னால் இத்தாலியத் தேனீயைக் கொண்டுவந்து கலந்துவிட்டோம். கலப்பு என்றால் கொல்லலாமா? எங்கிருந்தோ வந்தது என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் கரும்பு எங்கிருந்து வந்தது? ஆலமரம்? நாம்?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கமிட்டியில் இருப்பவர்களும் என் அண்ணன் தம்பிகள்தான், காவடிக்கு நானும் வருவேன், விரதம் ஆரம்பித்தாயிற்று. அபிஷேகத்துக்கு என் வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டு வருகிறேன், வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

இன்று காலை மரத்தடிக்குப் போனேன். ஞாயிறு அன்று வெளியே இரை தேடப் போயிருந்தவை திரும்பி வந்து, ஒரு கைப்பிடி இருக்கும், சிமெண்ட் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தன. பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றுகூடக் கொட்டவில்லை.