பத்துக் கேள்வியில் தற்கொலையைக் கணிக்க முடியுமா?

வேலூர்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'பத்துக் கேள்வியில் ஆறுக்கு "ஆம்" வந்தால் பிள்ளை தற்கொலை செய்துகொள்ளும். 95 சதவீதம் துல்லியம்.' இது தவறு.

சரி, அந்த 95-ஐ நம்பியே கணக்குப் போடுவோம். நம்மூர் எண்ணே இருக்கிறது. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் 1992–2001 இறப்புகளை சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் குடும்பத்தாரிடம் விசாரித்துப் பதிவு செய்தார்கள். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வின்படி, 10–19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 தற்கொலைகள், ஆண்களில் 58. பதறவைக்கும் எண்தான். ஆனாலும் லட்சம் பெண்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால், அந்த 148 பேரில் 141 பேர் சிக்குவார்கள். கூடவே மற்றவர்களில் 5 சதவீதம், அதாவது சுமார் 4,990 பேர், சும்மா மாட்டுவார்கள். 'ஆபத்து' என்று முத்திரை குத்தப்பட்ட நூறு பேரில் மூன்று பேருக்குக்கூட அது பொருந்தாது. தப்பிப்போன ஏழு பேர் வீட்டில் 'பாஸ்' என்று நிம்மதியாக இருப்பார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

அப்புறம், 'பிள்ளையிடம் நேரடியாகக் கேட்காதீர்கள், எண்ணம் வந்துவிடும்' என்கிறது அதே செய்தி. கேட்பதால் ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாராளமாகக் கேளுங்கள். பதில் கலக்கமாக இருந்தால் 14416 (மனநல உதவி எண்) அல்லது 104 (தமிழ்நாடு சுகாதார உதவி எண்) அழையுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம்.