லீவும் போட்டாச்சு, முற்பணமும் கட்டியாச்சு

ஜிடிஏ 6 வீடியோ கேம் திரும்பவும் தள்ளிப்போய்விட்டது. முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். இப்போது நவம்பர் 19 ஆம் திகதியாம். எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க வந்த பாஸ் கூட இரண்டாம் தரம் நாள் மாற்றும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நின்றார். கேமைச் செய்யும் ரொக்ஸ்டார் கம்பனிக்காரர்களோ அழகான எழுத்தில் ஓர் அறிக்கை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "இன்னும் கொஞ்சம் மெருகேற்ற வேண்டும்" என்கிறார்கள். ஐந்தாம் பாகம் வந்தது 2013 இல். இத்தனை வருடம் தேய்த்தும் மினுங்காத பாத்திரமா அது?

2023 டிசம்பர் 5 இன்னும் ஞாபகம் இருக்கிறது. நம்மூர் நேரப்படி மாலை ஏழரைக்கு வரவேண்டிய முதல் டிரெய்லர், விடிவதற்குள் கசிந்து வெளியே வந்துவிட்டது. எழும்பிப் பார்த்தால் ஃபோன் முழுக்க கேமில் வரும் வைஸ் சிட்டி நகரம்தான். கதாநாயகி லூசியாவைப் பார்த்த அன்றே மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். என் பிழைதான், சரி.

என்னிடம் நல்ல கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. ஆனால் கேம் வருவது பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் என்ற கேம் பெட்டிகளுக்கு மட்டும். இதுவும் பழைய கதைதான். ஐந்தாம் பாகம் வந்தபோது நான் ஓ.எல். அதே கேம் கொம்பியூட்டருக்கு வந்து சேர்ந்தது 2015 ஏப்ரலில். அப்போது நான் ஏ.எல். வகுப்பில். கொட்டாஞ்சேனை நண்பன் 65 ஜிபியை ஹார்ட் டிஸ்கில் தூக்கிக்கொண்டு வந்த நாள் எனக்குத் தீபாவளி மாதிரி. இன்னொரு தரம் அப்படிக் காத்திருக்க முடியாது என்றுதான், பிந்தி விழவேண்டிய சீட்டை வெள்ளவத்தை அக்காவிடம் கெஞ்சி முன்னுக்கு எடுத்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பிஎஸ் 5க்கு முற்பணமும் கட்டினேன். கேமும் சேர்ந்தே வரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை.

அது போதாதென்று ஒஃபிஸில் மே 26 செவ்வாயிலிருந்து நாலு நாள் லீவுக்குக் கடிதமும் கொடுத்தாயிற்று. காரணம் "குடும்ப விசேஷம்". இப்போது விசேஷம் தள்ளிப்போய்விட்டது என்று எந்த முகத்தோடு சேரிடம் சொல்வது? யாருக்குக் கல்யாணம் என்று ஏற்கனவே இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அவசரப்பட்டு வெளியிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்த கோலத்தைப் பார்த்து, பிஎஸ் செய்யும் சோனியே அதைத் தன் ஒன்லைன் கடையிலிருந்து தூக்கியது. நேரம் எடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் முடியாத வேலைக்கு ஏன் திகதி சொல்கிறீர்கள்? ஐந்தாம் பாகம் 20 கோடிப் பிரதிக்கு மேல் விற்ற காசில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆறு மாதம் ஒன்றுமில்லை. எனக்கு அது ஆறு சீட்டுத் தவணை. இதற்கிடையில் டொலர் எங்கே போய் நிற்குமோ! 2022 இல் ஒரு சில மாதத்துக்குள் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பது தாண்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அம்மா வேறு, "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கோபமா?" என்கிறார். மெகா சீரியல் ஒருநாள் போடாவிட்டால் வீடே அதிரும், அது கணக்கில் இல்லை.

முற்பணத்தையாவது திருப்பி எடுப்போம் என்று இன்று கடைக்குப் போனேன். "கேம் வந்த பிறகு வாங்கோ தம்பி, பார்ப்போம்" என்றார் கடைக்காரர். கேம் எப்போது அண்ணே வரும் என்று கேட்டேன்.

"அது உங்களுக்குத்தானே தெரியும்?" என்கிறார்.