மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். அறுபதைத் தாண்டியவர்கள் மனச்சோர்வு மாத்திரை போட்டால் கல்லீரல் போய்விடுமாம், இன்றைக்கே நிறுத்த வேண்டுமாம். கீழே இத்தனை பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

கல்லீரலுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெஃபசோடோன் என்ற மனச்சோர்வு மருந்தால் கல்லீரல் செயலிழந்து உயிர்கள் போயிருக்கின்றன. டுலோக்செட்டினைக் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதிகம் குடிப்பவர்களுக்கும் தரக்கூடாது. அகோமெலட்டின் என்றால் தொடங்கும் முன்பே எல்எஃப்டி, அதாவது கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை, பார்க்க வேண்டும், பிறகு 3, 6, 12, 24ஆம் வாரங்களிலும். 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அதைத் தரக்கூடாது. ஆனால் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம்? இவற்றால் கல்லீரல் மோசமாகக் கெடுவது மிக அரிது. எல்லா மாத்திரைக்கும் ஒரே தீர்ப்பு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பயமாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் பெரியம்மா நிறுத்தினார். பெரியப்பா போன பிறகு சாப்பாடு, பேச்சு எல்லாம் குறைந்து, மறதி நோயோ என்று நாங்கள் பயந்த நிலையிலிருந்து மாத்திரையால் மெல்ல மீண்டவர். ஒரு உறவினர் கல்லீரல் கதையைச் சொன்னதும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். தலைசுற்றல், தூக்கமில்லை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போல அதிர்வு. அப்புறம் பழையபடி படுக்கை. அவருடைய எல்எஃப்டி அதுவரை நார்மல். அதை அந்த உறவினர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்தா?" என்பீர்கள். இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"வயதானால் கல்லீரல் பலவீனம்தானே?" சரி, இது நியாயமான கேள்வி. வயதாக ஆக அதற்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது, மருந்து உடலில் அதிக நேரம் தங்குகிறது. அதனால்தான் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். எஸ்சிடலோபிராம் முதியவர்களுக்குப் பொதுவாக 10 மி.கி. போதும் என்கிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது இந்த மாத்திரைகளால் ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) குறைவதற்கு. குழப்பம் வரும், கீழே விழுவார்கள். வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். இதைச் சொல்ல ஒரு வீடியோவும் இல்லையே, ஏன்?

சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்ல இவர்களுக்குத் தைரியம் வருமா? மனசுக்கான மருந்து என்றால் மட்டும் ஆளாளுக்கு டாக்டர். வயதானவர் அழுதால் "வயசானா அப்படித்தான்" என்று நகர்ந்து போகிறவர்கள்தான் அவருடைய கல்லீரலுக்காக இப்போது துடிக்கிறார்கள்.

அந்த உறவினரும் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.