90 கிராம் தண்ணீர்

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சித்தப்பா, நாளைக்குள்ள முப்பது கணக்கு முடிக்கணும்." முப்பதும் மோல் கணக்கு, அதாவது வேதியியலில் அணு, மூலக்கூறுகளை எண்ணுகிற அளவான மோலை வைத்துப் போடும் கணக்கு. புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கைடைப் பார்த்து அப்படியே எழுதியது. மற்றதெல்லாம் போனில் படம் எடுத்து வாங்கிய விடை. முந்தைய பக்கங்களில் வரிசையாகச் சிவப்பு டிக்.

திட்ட மனசு வரவில்லை. ஒரே ராத்திரியில் முப்பது என்றால் எந்தப் பிள்ளையும் இதைத்தான் செய்யும்.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கணக்கு கொடுத்தேன். 10 கிராம் ஹைட்ரஜன், 32 கிராம் ஆக்சிஜன். இரண்டும் வினைபுரிந்தால் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? சமன்பாட்டைச் சரியாகத்தான் எழுதினாள்: 2 மோல் ஹைட்ரஜனும் 1 மோல் ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 மோல் தண்ணீர். ஹைட்ரஜனில் ஒரு மோல் 2 கிராம், ஆகவே 10 கிராம் ஹைட்ரஜன் 5 மோல், அப்போது தண்ணீரும் 5 மோல், தண்ணீரில் ஒரு மோல் 18 கிராம், ஆக 90 கிராம். கடகடவென்று முடித்து அடிக்கோடும் போட்டாள்.

"மொத்தம் எத்தனை கிராம் போட்டோம்?" என்று மட்டும் கேட்டேன்.

கூட்டினாள். 42. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 42 கிராம் போட்டு 90 கிராம் எப்படி வரும்? ஐந்து நிமிடம் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவளே சொன்னாள்: "ஆக்சிஜன் முதல்லயே தீந்துடும் சித்தப்பா." 32 கிராம் ஆக்சிஜன் 1 மோல்தான். அது 4 கிராம் ஹைட்ரஜனோடு சேர்ந்து 36 கிராம் தண்ணீராகும், 6 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். 36-ம் 6-ம் 42. இப்படி முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருளுக்குப் பாடப்புத்தகத்தில் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்று பெயர். அந்த வரையறையை அவள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தாள். அது என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவள் படிக்கும் கம்ப்யூட்டர் மொழியான சி பிளஸ் பிளஸ்ஸிலும் இதேதான். பாரன்ஹீட்டைச் செல்சியஸாக்கும் புரோகிராம். 98.6 கொடுத்தால் 37 வர வேண்டும், 0 வந்தது. 212 கொடுத்தாலும் 0. கொதிக்கிற தண்ணீர் 0 டிகிரியா? அவள் வரியில் (5/9) என்று தனியாக அடைப்புக்குறிக்குள் இருந்தது. இரண்டு முழு எண்களை வகுத்தால் சி பிளஸ் பிளஸ் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடும், ஆகவே 5/9 அங்கே 0, அதை எதோடு பெருக்கினாலும் 0. 5.0/9 என்று மாற்றினால் சரியாகிவிடும். அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற இன்னொரு மொழி வரும். அதில் அதே 5/9 ஒழுங்காக 0.5555... என்று வரும். பார்த்து எழுதியே பழகிய பிள்ளைக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

ஆசிரியருக்கு விடை தெரியாமலா வீட்டுப்பாடம் கொடுக்கிறார்? பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று தெரியத்தான் அது. அடித்துத் திருத்திய அந்த 90 இருக்கும் பக்கம்தான் அவள் நோட்டிலேயே உருப்படியான பக்கம் என்பேன். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: முப்பதுக்குப் பதில் மூன்று கொடுங்கள். ஐம்பது, அறுபது நோட்டு திருத்தும் பாடு எனக்கும் தெரியும், மூன்று என்றால் உங்களாலும் வரி வரியாகப் படிக்க முடியும். விடைக்குக் கீழே "இது ஏன் சரி?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அப்பா அம்மாக்களே, அடித்தல் திருத்தல் உள்ள நோட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்லிவிடாதீர்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம், நாக்கு நுனிவரை வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தண்ணீர்க் கணக்கையே புரோகிராமாக எழுதச் சொன்னேன். எது முதலில் தீரும் என்பது ஒரு இஃப் (இப்படியென்றால்), ஒரு எல்ஸ் (இல்லையென்றால்), அவ்வளவுதான். 10, 32 என்று கொடுத்தாள். திரையில் 36 வந்தது, மிச்சம் 6. கீழே நான் சொல்லாத இன்னொரு வரியும் இருந்தது. போட்டது 42, வந்தது 42.