முதன்முறை பார்ப்பவரை நிம்மதியாகப் பார்க்க விடுங்கள்

ஹிட்ச்காக் இயக்கி 1960-இல் வெளிவந்த ‘சைக்கோ’ என்ற ஆங்கிலத் திகில் படத்தை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். ஆனால் அந்த முதன்முறை எனக்கு முழுதாக வாய்க்கவில்லை என்பதே என் ஆதங்கம். படத்தின் நடுவே வந்து திடுக்கிட வைக்க வேண்டிய ஓர் அலறலை முகப்புப் படமாகவே வைத்திருந்தது ஓடிடி தளம். (அது எந்தக் காட்சி என்று இங்கே எழுத எனக்கு மனமில்லை.) போதாக்குறைக்கு, அருகில் அமர்ந்திருந்த உறவினர், “இப்போ பாரு, இப்போ பாரு” என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் கட்டியம் கூறிக்கொண்டே இருந்தார்.

படம் தொடங்கிய பின் எவரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் அன்று கண்டிப்பாகச் சொன்னார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களையும் கேட்டுக்கொண்டார். பணத்தைத் திருடிக்கொண்டு காரில் தப்பிச் செல்லும் பெண்ணின் மீது நமக்குப் பரிவு பிறந்து, அவள் பிடிபட்டுவிடுவாளோ என்று நாம் பதற வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை கட்டுப்பாடும். மேற்கொண்டு நடக்கப்போவது தெரிந்துவிட்டால், கார் ஜன்னலில் குனிந்து பார்க்கும் காவலரின் கறுப்புக் கண்ணாடியும், கொட்டும் மழையில் ஓயாமல் அசையும் வைப்பரும் வெறும் காத்திருப்பாகிவிடுகின்றன. தந்திக் கருவிகளை மட்டுமே கொண்டு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசையும், நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போய்த்தான் என் காதுக்கு வந்து சேர்ந்தது.

பழைய படம்தானே, இனி என்ன ரகசியம் என்று கேட்பவர்கள், தாங்கள் மட்டும் ஒன்றும் தெரியாமல் பார்த்து நடுங்கியவர்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.