தின்னரில் பிளாஸ்டிக் பாடியைப் போடாதீர்கள்

பழைய மாடல் கார்களுக்குப் புது பெயின்ட் அடிப்பது பற்றி, “டை-காஸ்டோ பிளாஸ்டிக் கிட்டோ, இரண்டையும் ராத்திரி தின்னரில் ஊறப்போட்டால் காலையில் பெயின்ட் உரிந்துவிடும்” என்று ஒருவர் எழுதியிருப்பதில் பாதிதான் சரி. டை-காஸ்ட் என்பது அச்சில் வார்த்த உலோகக் கார்; அதன் பாடி துத்தநாகக் கலவை, தின்னரைத் தாங்கும். நாமே துண்டுகளை ஒட்டிச் செய்யும் கிட்டின் பாடி பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரும் அசிட்டோனும் அதைக் கரைத்துவிடும். முதலில் கதவு விளிம்புக் கோடுகள் மழுங்கும், விடிவதற்குள் கூரை கொழகொழவென்று அமுங்கிக் கிடக்கும்.

பிளாஸ்டிக்குக்கு 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். உள்பக்கம் ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். ஜன்னல் கண்ணாடியாக வரும் தெளிவான பிளாஸ்டிக் துண்டுகளை மட்டும் எதிலும் ஊறப்போட வேண்டாம்.

டை-காஸ்டையும் அப்படியே முக்கக் கூடாது. அடியில் பாடியைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியின் தலையை 4 மி.மீ. டிரில் பிட்டால் மெதுவாகக் குடைந்து, தலை கழன்றதும் நிறுத்தி, சீட், கண்ணாடி, டயர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் தின்னர். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், துத்தநாகத்தையே அரித்துவிடும்.

இன்னொன்று: காரைக்குடி உச்சி வெயிலில், முற்றத்தில் நின்று ஸ்ப்ரே அடித்தால் துளி பாடியில் விழுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகும். காலையில், நிழலில், 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, முதலில் பிரைமர் (அடிப்பூச்சு), பிறகு மூன்று மெல்லிய பூச்சு. நம்மூர்ச் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களுக்கு அந்த வழவழப்பு ஒரே பூச்சிலா வந்தது?

கண்ணாடியைத் திரும்ப ஒட்ட சூப்பர் குளூ எடுக்காதீர்கள், ஆவி பட்டு வெள்ளைப் படலம் பூத்துவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும்.