துணியை அலசாதீர்கள்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கொலை வழக்கு விசாரணையில் சான்றுப் பொருள் மூட்டையைப் பிரித்தார்கள். அரக்கு முத்திரை இருந்தது, குற்ற எண் ஒட்டியிருந்தது, எல்லாம் சரி. உள்ளே பாலிதீன் கவர். அதற்குள் ஒரு சட்டை, கரும்பச்சையாகப் பூஞ்சணம் பூத்து, மடிப்போடு மடிப்பு ஒட்டிப்போய்க் கிடந்தது. ரத்தம் காயுமுன்பே மடித்துக் கட்டிவிட்டார்கள். அது யாருடைய ரத்தம் என்று ஆய்வகத்தால் சொல்ல முடியவில்லை. இறந்தவனின் அம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "சட்டைதான் இருக்குல்லா சார், பெறவு என்னவாம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ரத்தம் யாருடையது என்று காட்டும் டிஎன்ஏ சோதனை என்றால் பெரிய மெஷின் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். மெஷின் கடைசியில்தான் வருகிறது. கறை பட்ட துணியை நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும்; வெயிலில் போட்டால் டிஎன்ஏ சிதையும். உலர்ந்ததும் காகித உறையில், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். பாலிதீனில் ஈரம் தங்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணமும் பாக்டீரியாவும் மிச்சத்தைத் தின்றுவிடும். ஒரு பொருளைத் தொட்ட கையுறையோடு அடுத்ததைத் தொடக்கூடாது. இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு டீக்காசு.

அப்புறம், எடுத்த மாதிரி யார் கையில் இருந்தது என்ற கணக்கு. 2011-இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் நடந்த இரட்டைக் கொலையில் தூக்குத் தண்டனை பெற்றவரை, 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. டிஎன்ஏ சோதனைக்கு எடுத்த மாதிரிகள் யார் பொறுப்பில், எத்தனை நாள் இருந்தன என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை. எடுத்த மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், கைமாறுவதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அதே தீர்ப்பில் சொன்னார்கள். நம் திருநெல்வேலியிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. ஸ்டேஷன் அலமாரியில் வாரக்கணக்கில் மூட்டை கிடப்பதற்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

2020-இல் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டு அப்பாவும் மகனும் இறந்துபோன சாத்தான்குளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள் என்று ஒரு பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் சொன்னார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை வசம் ஒப்படைக்கச் சொன்னது. அங்கே எடுத்த கறைகளின் டிஎன்ஏ இறந்தவர்களுடையதோடு பொருந்தியதாக சிபிஐ பின்னால் குற்றப்பத்திரிகையில் சொன்னது. அந்தக் காவலர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும், கதை முடிந்திருக்கும்.

போலீஸை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தால் முதலில் தலைக்கு ஊற்றுகிறோம், உடுத்தியிருந்ததைத் துவைக்கிறோம். பாசத்தில்தான் செய்கிறோம், ஆனால் குற்றவாளிக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்டவரை டாக்டரிடம் அனுப்பவேண்டும் என்பது சட்டம். அதுவரை குளிக்க வைக்காமல், உடை மாற்றாமல் கூட்டிப் போங்கள். மாற்றியாகிவிட்டால் அந்த உடையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்குக் களக்காடு பக்கமிருந்து போன். ஒரு தாய், அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார்.

"துணிய அலசிரட்டுமா அண்ணாச்சி?"

"அலசாதீங்கம்மா. மடிக்கவும் வேண்டாம். பழைய பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு, பிள்ளையோட இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நான் அங்க வந்திருதேன்."